அலாஸ்கா குரூஸ்: கப்பலை விடுங்கள், முதலில் பாதையைப் பாருங்கள்

"அலாஸ்கா குரூஸ் போகலாம்னு இருக்கோம், எந்தக் கப்பல் நல்லா இருக்கும்?" வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். "எந்தப் பனியாற்றைப் பார்க்கணும், எல்லார் கையிலும் கனடா விசா இருக்கா?" என்று நான் திருப்பிக் கேட்டால் எதிரில் சத்தமே இருக்காது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கப்பல் தானாக அமைந்துவிடும். தெரியாமல் கப்பலைப் பிடித்தால் என் முதல் பயணம் மாதிரிதான் ஆகும்.

அந்த முதல் தடவை, படத்தைப் பார்த்து மயங்கி, மேல்தளத்தில் பெரிய சறுக்குக் குழாய் இருக்கும் கப்பலாகப் பார்த்து எடுத்தேன். கெட்சிக்கன் என்ற அலாஸ்கா ஊரில் காலை ஆறரைக்கு இறக்கிவிட்டுப் பன்னிரண்டரைக்கெல்லாம் ஏறச் சொல்லிவிட்டார்கள், ஊர் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தது. பனியாறு பார்க்கும் நாளில் மூடுபனியும் மிதக்கும் பனிக்கட்டியும் சேர்ந்துகொள்ள, கப்பல் வாயிலோடு திரும்பிவிட்டது. கனடாவின் விக்டோரியா நகரை இரவு எட்டு மணிக்கு மேல் பார்த்தோம், அதாவது தெருவிளக்கைப் பார்த்தோம். சறுக்குக் குழாயில் ஒரு தடவைகூட இறங்கவில்லை, வெளியே 11 டிகிரி. மூடுபனிக்கு யாரும் பொறுப்பில்லை, சரி. மற்றதெல்லாம் பணம் கட்டும் முன்பே அட்டவணையில் எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

பாதை

சுற்றிப்பார்க்கிற பகுதி பெரும்பாலும் தென்கிழக்கு அலாஸ்கா. தீவுகளுக்கும் மலைகளுக்கும் நடுவே நீளும் கடல் வழி, இன்சைட் பாசேஜ் என்பார்கள். ஒரு வாரப் பயணங்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏறிய இடத்திலேயே வந்து இறங்குவது ஒன்று, சியாட்டிலிலிருந்தோ வான்கூவரிலிருந்தோ புறப்படும். மற்றது ஒருவழி: வான்கூவரில் ஏறி, வடக்கே சீவார்டு அல்லது விட்டியர் துறைமுகத்தில் இறங்கிவிடுவது, அல்லது அப்படியே தலைகீழாக.

சியாட்டில் சுற்றுப்பயணத்துக்கு விமான டிக்கெட் மலிவு, அதனால்தான் அமெரிக்காவில் இருக்கிற நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அதை எடுக்கிறார்கள். ஆனால் சியாட்டில் கப்பல்கள் பொதுவாக வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடலில் ஏறிப் போகும், அங்கே ஆட்டம் உண்டு. வான்கூவரில் புறப்படும் கப்பல் தீவுக்கும் நிலத்துக்கும் இடையிலே போகும், இரண்டு பக்கமும் காடு, தண்ணீர் குளம் மாதிரி இருக்கும். பஸ்ஸில் போனாலே வாந்தி எடுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் வான்கூவர்தான். எங்கள் அம்மா அப்படிப்பட்டவர். இரண்டாம் முறை வான்கூவரில் ஏறினோம், கொண்டுவந்த இஞ்சி மரப்பாவை அம்மா சும்மா மிட்டாய் மாதிரி சாப்பிட்டுத் தீர்த்தார்.

ஒருவழிப் பயணம் நேரம் இருக்கிறவர்களுக்கு. சுற்றுப்பயணத்தில் கிடைக்காத வடக்குக் கரை கிடைக்கும், இறங்கியபின் ரயிலிலோ பஸ்ஸிலோ டெனாலி தேசியப் பூங்கா வரை போகலாம். கப்பலோடு சேர்த்தே நிலப் பயணத்தையும் கம்பெனிகள் விற்கின்றன. ஒரு ஊருக்குள் போய் இன்னொரு ஊரிலிருந்து திரும்பும் விமான டிக்கெட் விலை கூடும், அதைக் கணக்கில் வையுங்கள். விமானம் ஏறும் ஆங்கரேஜ் நகரம் விட்டியரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், சீவார்டிலிருந்து 200. டெனாலி சிகரம் 6,190 மீட்டர், ஆனால் பெரும்பாலான நாள் மேகத்துக்குள் ஒளிந்திருக்கும். போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் தரிசனம் என்று அங்கே சொல்வது வழக்கம். பூங்காவுக்குள் போகும் ஒரே சாலை 2021-ல் நிலச்சரிவால் பாதி வழியில் மூடப்பட்டது, நிலப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் அந்தச் சாலையின் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா, இதைத் தாண்டிப் போகாதீர்கள்

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிறோம், அலாஸ்காவும் அமெரிக்காதான், அப்புறம் எதற்குக் கனடா விசா? நியாயமான கேள்வி. பதில் 1886-ல் போட்ட ஒரு சட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி அமெரிக்காவிலேயே சுற்றி இறக்கிவிட முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். பெரிய குரூஸ் கப்பல்கள் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பனாமா, நெதர்லாந்து என்று வெளிநாட்டுக் கொடிதான். அதனால்தான் கடைசி நாள் ராத்திரி விக்டோரியாவில் அந்த அவசர நிறுத்தம். நீங்கள் இறங்காமல் அறையிலேயே தூங்கினாலும் கனடாவுக்குள் நுழையத் தகுதி இருந்தால்தான் கப்பலிலேயே ஏற்றுவார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கனடா விசா வேண்டும், கையில் அமெரிக்க விசா இருப்பது போதாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குத் தேவையில்லை, கார்டும் செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் போதும். எச்-1பி வேலை விசாக்காரர்களுக்கு வேண்டும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் வேண்டும். அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்ப நுழைகிறோம் என்பதால் அமெரிக்க விசாவும் பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் ஒட்டிய அமெரிக்க விசா (ஸ்டாம்பிங்) காலாவதியாகிவிட்டவர்கள் கப்பல் கம்பெனியின் போன் ஆளை நம்பாமல் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்கள், கனடியக் குடியுரிமை வாங்கியவர்கள், வான்கூவரில் ஏறினால் இந்தத் தலைவலி ஒன்றும் இல்லை. அமெரிக்கக் குடிவரவுச் சோதனைகூட அந்தத் துறைமுகத்திலேயே முடிந்துவிடும்.

முதல் பயணத்தில் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், கையில் ஒரு குழந்தை. தாத்தா, பாட்டி கடவுச்சீட்டை மேஜையில் இருந்த பெண் முன்னும் பின்னும் நாலு தடவை புரட்டினாள், பிறகு மேலாளரைக் கூப்பிட்டாள். "நாங்க விக்டோரியால இறங்கவே மாட்டோம்" என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தார். பாட்டி ஒன்றும் புரியாமல், பேத்திக்காகக் கொண்டுவந்த ஸ்வெட்டரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோருமே பெட்டிகளோடு வெளியே போனார்கள். அப்படித் திரும்பினால் கட்டிய பணமும் பொதுவாகத் திரும்பி வராது. கனடா விசாவுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், அதனால் முதலில் விசா, அப்புறம்தான் டெபாசிட்.

பனியாறு

மலையில் உறைந்த பனி ஆறு மாதிரி மெதுவாக நகர்ந்து கடலில் வந்து முட்டும் இடத்துக்குக் கப்பல் போகும். அந்த ஒரு நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். எந்தப் பனியாறு என்பது பயணத்துக்குப் பயணம் மாறும், அதே கம்பெனியில் அடுத்த வாரக் கப்பல் வேறு இடத்துக்குப் போகலாம், ஆகவே விளம்பரத்தைப் பார்க்காமல் நீங்கள் எடுக்கும் தேதியின் அட்டவணையைத் திறந்து பாருங்கள்.

என் ஓட்டு கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்கு. ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு பெரிய கப்பல்கள்தான் உள்ளே போகலாம் என்று கட்டுப்பாடு இருக்கிறது, அந்த இடங்களில் பெரும்பங்கு ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் என்ற இரண்டு கப்பல் கம்பெனிகளுக்கும், நார்வீஜியனுக்கும் கொஞ்சம் உண்டு. ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, டிஸ்னி எல்லாம் பொதுவாக வேறு பனியாறுகளுக்குப் போகின்றன. கிளேசியர் பேயில் இறங்க முடியாது, ஆனால் காலையில் பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டு நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். 1794-ல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது இன்றைய விரிகுடா முழுக்கப் பனி அடைத்துக் கிடந்தது. இப்போது கப்பல் உள்ளே 100 கிலோமீட்டர் போகிறது, அத்தனையும் அதற்குப் பிறகு பனி பின்வாங்கிவிட்ட தூரம்.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றபோது நாங்கள் ஆறாம் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பனி வெள்ளையாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன், பிளவுகளுக்குள் சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி ஒரு நீலம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் காபிக்குப் போய்விட்டார்கள். திடீரென்று ஒரு வீட்டளவுத் துண்டு சத்தமே இல்லாமல் நழுவித் தண்ணீரில் விழுகிறது, நாம் "அய்யோ" என்று வாயைத் திறந்தபிறகுதான் இடி வந்து சேருகிறது. சத்தத்தைக் கேட்டுத் திரும்பினால் பார்த்திருக்க முடியாது, பார்வையை எடுக்காமல் நிற்க வேண்டும். அம்மா மங்கி கேப்பும் ஷாலுமாக இரண்டு மணி நேரம் அசையவில்லை. ஹாலந்து அமெரிக்கா கப்பல்களில் அந்தக் குளிரில் மேல்தளத்தில் பட்டாணி சூப் கொடுப்பது வழக்கம். சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள், டச்சு முறைப்படி அதில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள்.

அடுத்தது ஹப்பர்ட். நீளம் 122 கிலோமீட்டர், உருகிப் பின்வாங்கும் காலத்தில் முன்னேறிக்கொண்டிருக்கும் ஒரு விசித்திரம். முகப்பு பிரம்மாண்டம், ஆனால் மிதக்கும் பனி அதிகமானால் கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும். ஜூனோவுக்குத் தெற்கே ட்ரேசி ஆர்ம், எண்டிகாட் ஆர்ம் என்று இரண்டு குறுகலான கடல் இடுக்குகள் உண்டு, அருவிகள் விழும் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே போவது அழகுதான். 2025 ஆகஸ்டில் ட்ரேசி ஆர்மில் மலையே சரிந்து பேரலை எழும்பியது, அதன்பின் கப்பல்கள் எண்டிகாட் பக்கம் மாறத் தொடங்கின. இந்த இடுக்குகளுக்குப் போகும் நாளில் பாதி நேரம் துறைமுகத்துக்கும் ஒதுக்கியிருப்பார்கள், முழு நாள் கிடைக்காது.

ஊர்கள், முக்கியமாக மணிக்கணக்கு

அட்டவணையில் ஊர்ப் பெயரைவிட அதன் பக்கத்தில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்த ஊரில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும்.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம், ஆனால் வெளியிலிருந்து சாலையே கிடையாது, கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும். திமிங்கலம் பார்க்க இதுதான் இடம். கூன்முதுகுத் திமிங்கலங்கள் ஹவாயிலிருந்து கோடைக்கு இங்கே வந்து தின்று கொழுக்கும். ஊரிலிருந்து இருபது நிமிடம் பஸ்ஸில் போய்ச் சிறு படகில் ஏற்றிவிடுவார்கள், தலைக்குச் சுமார் 150-இலிருந்து 200 டாலர். பயணத்தில் ஒரே ஒரு டூருக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள். மெண்டன்ஹால் பனியாறும் பக்கத்திலேயே. 32,000 பேர் வாழும் ஊர், நெரிசல் தாங்காமல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று 2024-லிருந்து கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் தேதியில் ஊரில் எத்தனை கப்பல் நிற்கும் என்பது முன்பே வெளியாகிவிடும், பார்க்கலாம்.

ஸ்காக்வேயில் ரயில். 1896-ல் கனடாவின் யூக்கான் பகுதியில் குளோண்டைக் என்ற இடத்தில் தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் இந்த மலையை ஏறிக் கடந்தார்கள், அதைத் தொடர்ந்து போட்ட பாதை இது. ஒயிட் பாஸ் கணவாயின் உச்சியை ரயில் தொட்டது 1899-ல், அதே வருடம்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு நம் மலை ரயில் ஓடத் தொடங்கியது. நம்முடையதில் இருக்கும் பல்சக்கரம் இதில் இல்லை, 32 கிலோமீட்டரில் சுமார் 870 மீட்டர் ஏறிவிடுகிறது. ஏறும்போது இடப்பக்கம் உட்காருங்கள். உச்சி வரை போய்த் திரும்பும் ரயிலில் யாரும் இறங்குவதில்லை. அதைத் தாண்டி யூக்கான் வரை போகும் பஸ் டூர் எடுத்தால் மறுபடி கனடா எல்லை, கடவுச்சீட்டை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கெட்சிக்கனில் மழை பெய்யும். வருடத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல், சென்னையைப்போல இரண்டரை மடங்கு, அதனால் வானிலை பார்த்து மனம் வாடாமல் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பழங்குடியினர் உருவங்கள் செதுக்கிய டோட்டம் மரக் கம்பங்கள், கோடைக் கடைசியில் ஓடையை எதிர்த்து ஏறும் சால்மன் மீன்கள். சில கப்பல்கள் ஊருக்குள் வராமல் 11 கிலோமீட்டர் தள்ளி வார்ட் கோவ் என்ற இடத்தில் நிற்கும், அங்கிருந்து இலவச பஸ். போக வர நேரம் போய்விடும், இதையும் முன்பே கேட்டுவிடுங்கள். சிட்கா வந்தால் அதிர்ஷ்டம், 1867-ல் 72 லட்சம் டாலருக்கு ரஷ்யா அலாஸ்காவை விற்றுக் கொடி மாற்றிய ஊர், கூட்டமும் குறைவு. ஐசி ஸ்ட்ரெய்ட் பாயிண்ட் என்று போட்டிருந்தால் அது ஹூனா கிராமத்தை ஒட்டிய பழைய மீன் பதனிடும் ஆலை, டிளிங்கிட் பழங்குடி மக்களின் நிறுவனமே நடத்துகிறது, நடந்து சுற்றவே நன்றாக இருக்கும்.

டூர்களைக் கப்பலிலேயே எடுப்பதா, வெளியே எடுப்பதா? வெளியே மலிவு, கூட்டமும் குறைவு. ஆனால் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, கம்பெனி டூர் என்றால் காத்திருக்கும். திமிங்கலத்துக்கு நான் வெளியே எடுத்தேன், ரயிலுக்குக் கப்பல் மூலம்.

இப்போது கப்பல்

இதுவரை சொன்னதில் தேறிய இரண்டு மூன்று பயணங்கள் கையில் நிற்கும், அவற்றுக்குள் கப்பலைத் தேர்ந்தெடுங்கள். ஹாலந்து அமெரிக்காவில் வயதானவர்கள் அதிகம், அமைதி, பெற்றோரோடு போக ஏற்றது. பிரின்சஸ் அதைவிடக் கொஞ்சம் கலகலப்பு. பதின்ம வயதுப் பிள்ளைகள் "போர் அடிக்குது" என்பார்கள் என்றால் ராயல் கரீபியனும் நார்வீஜியனும், நாலாயிரம் பேர் ஏறும் கப்பல்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், இறங்கவும் வரிசை, சாப்பிடவும் வரிசை. குழந்தைகளுக்கு டிஸ்னி, விலையும் டிஸ்னி. காட்டுக்குள் நடக்க, கயாக் துடுப்பு போட ஆசை என்றால் அன்குரூஸ், லிண்ட்பிளாட் போன்ற நூறு பேர் அளவிலான சிறு கப்பல்கள் இருக்கின்றன, கரடி தெரிந்தால் அப்படியே நிற்பார்கள், பெரிய கப்பலைவிடப் பல மடங்கு விலை. கையில் காசு குறைவு, நாள் அதிகம் என்கிறவர்களுக்கு அலாஸ்கா அரசின் படகுச் சேவை உண்டு, 1963-லிருந்து ஓடுகிறது, வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்ஹாமில் ஏறலாம். அறை எடுக்காதவர்கள் மேல்தளத்தில் கூடாரம் அடித்துத் தூங்குகிறார்கள். எனக்கு அடுத்தது அதுதான்.

மாதம்: மே மாதம் மழை குறைவு, விலையும் குறைவு, மலையில் பனி மிச்சம் இருக்கும். ஜூனில் ஜூனோவில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல். ஜூலை, ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக் கூட்டம், கூடவே சால்மனும் அதைத் தின்ன வரும் கரடியும். செப்டம்பரில் மழை கூடும், விலை இறங்கும், இரவு இருட்டத் தொடங்குவதால் துருவ ஒளி தெரிய ஒரு வாய்ப்பும் உண்டு. பெற்றோருக்காக நான் மே கடைசியை எடுத்தேன், வருத்தமில்லை.

அறை விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். பால்கனி இருந்தால் பெரியவர்களுக்கு வசதி, குளிர்ந்தால் உள்ளே வந்துவிடலாம். வடக்கே போகும் ஒருவழிப் பயணத்தில் வலப்பக்கம் கரை தெரியும், பனியாற்றின் முன்னால் கப்பல் சுழன்று காட்டும், எந்தப் பக்கமானாலும் ஏமாற்றம் இல்லை. ஆட்டம் குறைய நடுப்பகுதி, கீழ்த்தளம். மலிவாகக் கிடைக்கும் சில அறைகளின் ஜன்னலை உயிர்காப்புப் படகு மறைக்கும், வரைபடத்தில் பார்த்து எடுங்கள். விளம்பர விலையோடு துறைமுகக் கட்டணம், வரி, தலைக்கு ஒரு நாளைக்கு 16-இலிருந்து 20 டாலர் வரை டிப்ஸ், வைஃபை எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்துத்தான் இரண்டு கம்பெனிகளை ஒப்பிட வேண்டும். திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டாக எடுங்கள், முழுப் பணம் கட்டும் தேதிக்குள் விலை இறங்கினால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். மருத்துவ வெளியேற்றம் சேர்ந்த காப்பீடு இல்லாமல் பெற்றோரை ஏற்றாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். முதல் நாள் இரவே உணவறை மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டால் மறுநாளிலிருந்து இந்தியச் சைவம் தனியாகச் செய்து தருவார்கள், சமையலறையில் நம் நாட்டவர் யாராவது இருப்பார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பொடி, ஊறுகாய் பாக்கெட் போதும். கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போனால் பிடுங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். துணியைப் பொறுத்தவரை ஒரு தடித்த கோட்டைவிட ஒன்றின்மேல் ஒன்றாகப் போட மூன்று, எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத ஒன்று. குடை அந்தக் காற்றில் நிற்காது. பைனாகுலர் ஆளுக்கொன்று வேண்டும், ஒன்றை வைத்துக்கொண்டு நாலு பேர் "எனக்குக் குடு" என்று இழுத்ததில் எங்கள் வீட்டுத் திமிங்கலம் ஒன்று கடலுக்குள் போய்விட்டது.

ஏறும் ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள், அன்று காலை விமானத்தை நம்ப வேண்டாம். சியாட்டிலில் 66, 91 என்று இரண்டு துறைமுக மேடைகள், டாக்சியில் ஏறும் முன் எது என்று பாருங்கள். கப்பலில் ஏறியதும் போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் கடல் ரோமிங் கட்டணம் பழுத்துவிடும். அலாஸ்கா நேரம் சியாட்டிலைவிட ஒரு மணி நேரம் பின்னால், கப்பலின் நேரம் எது என்று தினமும் அறைக்கு வரும் தாளில் இருக்கும், ஏறும் நேரத்துக்கு அதுதான் கணக்கு. அம்மா கையில் பழைய சாவி கொடுக்கும் வாட்ச் கட்டியிருந்தார், அதைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டோம், ஒரு வாரமும் குடும்பத்துக்கே அதுதான் மணி. இறங்கும் நாளில் மதியம் ஒரு மணிக்கு முன்னால் விமானம் போடாதீர்கள்.